கண்ணாடிக்கு அடியில் ஒருவர்: ரோட்டோஸ்கோப்பின் நூறாண்டுக் கதை

காரைக்காலை ஒட்டிய கிளிஞ்சல்மேடு கடற்கரையில், படகின் நிழலில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார் ஒரு பெரியவர். உறவுமுறையில் எனக்குப் பெரியப்பா ஆகவேண்டும். கைப்பேசியில் அவரைப் படம்பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வலை ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "மூஞ்சிய எடுக்காத தம்பி. கைய மட்டும் எடுத்துக்க." சற்றுப் பொறுத்து, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார்: "சுனாமி அப்ப அழுத மூஞ்சியப் பேப்பர்ல போட்டுட்டாங்க. அது போதும்."

2004 டிசம்பர் 26 அன்று இந்த ஊர் என்ன ஆனது என்பதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதன்பின் வந்த நாட்களில் கேமராக்களும் வந்தன. வந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு மனிதனின் மிக மோசமான நொடி, அவனைக் கேட்காமலே அவனுடைய நிரந்தர முகமாகிவிட்டது. அந்த நொடியை அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

பத்து நொடி எடுத்தேன். எடுத்ததன் மேல், கணினித் திரையில், சட்டகம் சட்டகமாகக் கோடு வரைந்தேன். நொடிக்குப் பன்னிரண்டு வீதம் நூற்றிருபது சித்திரங்கள். இந்த வேலைக்கு ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். எடுத்த படத்தை அடியில் வைத்து அதன்மேல் வரைந்து உயிரூட்டுவது. வரைந்துகொண்டிருந்த இரவுகளில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இந்த அசைவு யாருடையது? வரைந்த என்னுடையதா, வலை பின்னிய அவருடையதா? இந்தத் தொழில்நுட்பத்தின் நூறாண்டு வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், இதே கேள்வி இதன் பிறப்பிலிருந்தே உடன்வருகிறது என்பது புரிந்தது.

*

மாக்ஸ் ஃப்ளைஷர் 1883-ல் போலந்தின் கிராக்கோவ் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். 'பாப்புலர் சயின்ஸ்' மாத இதழில் ஓவியப் பகுதியின் ஆசிரியராக இருந்தார். எந்திரங்களில் ஆசை கொண்ட ஓவியர் என்று சொல்லலாம். அந்நாளைய கார்ட்டூன் படங்களின் அசைவு வெட்டிவெட்டி இழுப்பதுபோல் இருந்தது அவரை உறுத்தியது. 1915-ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1917-ல் அது கிடைத்தது.

கருவியின் தத்துவம் எளியது. ஒரு மனிதரை முதலில் சாதாரணத் திரைப்படமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படச்சுருளை ஒரு கண்ணாடிப் பலகையின் பின்னாலிருந்து, ஒரு சமயத்தில் ஒரே ஒரு சட்டகமாக, ஒளிவீசிக் காட்ட வேண்டும். கண்ணாடிமேல் தாளை வைத்து அந்த உருவத்தின் கோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த சட்டகத்துக்கு நகர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் முழு வேகத்தில் ஓடும் திரைப்படத்தில் ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டகங்கள். மாக்ஸும் அவர் சகோதரர்களும் எடுத்த முதல் சோதனைப் படம் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் ஓடும் என்றும், அதற்கு ஓராண்டு பிடித்தது என்றும் சொல்வார்கள்.

அந்தச் சோதனையில் கோமாளி உடை அணிந்து கேமராவுக்கு முன் குதித்து ஆடியவர் மாக்ஸின் தம்பி டேவ். பின்னாளில் கோகோ என்று பெயர்பெற்ற கோமாளியின் உடல் அவருடையது. 'மைப்புட்டியிலிருந்து' என்று பொருள்படும் தலைப்பில் 1918 முதல் வந்த அந்தப் படங்களில், வரைபவராக மாக்ஸ் தன் சொந்த முகத்தோடு தோன்றுவார். கோமாளி அவருடைய மைப்புட்டியிலிருந்து வெளிவந்து, குறும்புகள் செய்து, இறுதியில் அதற்குள்ளேயே திரும்பிச் செல்வான். அண்ணனுக்கு முகம், தம்பிக்கு அசைவு. டேவ் அந்தப் படங்களின் இயக்குநராகவும் அறியப்பட்டதால் இங்கே யாருக்கும் அநீதி நேரவில்லை. ஆனாலும் இந்தக் கலையின் முழு ஏற்பாடும் அந்த முதல் படத்திலேயே இருக்கிறது. கண்ணாடிக்கு மேலே ஒருவர், கண்ணாடிக்கு அடியில் ஒருவர்.

அடியில் இருப்பவரை மதித்து நடந்த தருணங்களும் உண்டு. 1932-ல் வந்த பெட்டி பூப் படம் ஒன்றில், கறுப்பின ஜாஸ் பாடகர் கேப் கேலோவே முதலில் தன் குழுவினரோடு நேரடியாகத் தோன்றுகிறார். பிறகு அவருடைய வழுக்கும் நடை, ஒரு குகைக்குள் பாடும் வால்ரஸ் பேயின் உடலுக்குள் புகுகிறது. பார்ப்பவருக்கு இது யாருடைய நடனம் என்பதில் ஐயமே இல்லை. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு படத்தில் ரோலண்ட் க்ராண்டல் என்ற ஓவியர் மாதக்கணக்கில் ஏறக்குறைய தனியாளாக வரைந்தார் என்கிறார்கள். தனியொருவர் ஒரு முழு அனிமேஷன் படத்தைச் சுமக்க முடியும் என்பதற்கு அது ஆரம்பகாலச் சான்று.

இதற்கு நேரெதிர் உதாரணம் டிஸ்னியின் 1937-ஆம் ஆண்டு 'ஸ்நோ ஒயிட்'. அந்த இளவரசியின் அசைவுகளுக்காகக் கேமராவுக்கு முன் ஆடிக்காட்டிய பதின்பருவத்து நடனப் பெண் பிற்காலத்தில் மார்ஜ் சாம்பியன் என்ற பெயரில் புகழடைந்தார். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் இல்லை. 2020-ல், நூற்றியோரு வயதில், அவர் மறைந்தபோது உலகெங்கும் செய்தித்தாள்கள் அவரை ஸ்நோ ஒயிட்டின் உடல் என்று எழுதின. அந்த அறிமுகம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக வந்தது.

*

ரோட்டோஸ்கோப்பை ஓவியர்களே இளக்காரமாகப் பார்த்த வரலாறும் உண்டு. 'பார்த்து எழுதுவது' என்று பள்ளியில் சொல்வோமே, அந்தக் குற்றச்சாட்டுதான். அதில் பாதி உண்மை. வெறுமனே கோட்டைப் படியெடுத்தால் உருவம் மிதக்கும். நிஜ மனித உடலில் எடை என்பது தசையிலும் துணிமடிப்பிலும் நிழலிலும் தெரிகிறது. வெளிக்கோட்டை மட்டும் எடுத்தால் அவையெல்லாம் விடுபட்டு, கால் தரையில் பதியாத ஒரு மனிதன் கிடைப்பான். அத்துடன் அடுத்தடுத்த சட்டகங்களில் கை நடுங்குவதால் கோடு கொதிப்பதுபோல் துடிக்கும். எனவே தேர்ந்த ஓவியர்கள் படியெடுப்பதில்லை. எதை விடுவது, எதை மிகைப்படுத்துவது என்று ஒவ்வொரு சட்டகத்திலும் முடிவெடுக்கிறார்கள். படியெடுத்தலுக்கும் வாசித்தலுக்கும் உள்ள வேறுபாடு என்று இதைச் சொல்லலாம். ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் 'நீங்கள் சொந்தமாக எழுதவில்லையே' என்று கேட்பது எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவுதான் இந்தக் குற்றச்சாட்டும் பொருந்தும்.

ரால்ஃப் பாக்ஷி 1978-ல் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையை இம்முறையில் எடுத்தார். 1985-ல் 'ஆஹா' என்ற நார்வே இசைக்குழுவின் பாடலொன்றுக்கு மைக்கேல் பாட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் ஏறத்தாழ மூவாயிரம் சட்டகங்களைப் பென்சிலால் வரைந்தார்கள். இரண்டின் பின்னாலும் ஒரு நிறுவனத்தின் பணம் இருந்தது. தனிமனிதனின் மேசைக்கு இந்தக் கலை வந்து சேர, கணினி தேவைப்பட்டது.

அதைக் கொண்டுவந்தவர் பாப் சாபிஸ்டன். எம்.ஐ.டி.யின் ஊடக ஆய்வகத்திலிருந்து டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்கு வந்தவர். 1997-ல் அவர் எழுதிய மென்பொருள் 'ரோட்டோஷாப்'. அதன் முக்கியமான யோசனை இது: ஒரு சட்டகத்தில் மூக்கின் கோட்டை வரைகிறீர்கள், பத்துச் சட்டகம் தள்ளி, அதே கோட்டை மீண்டும் வரைகிறீர்கள், இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்புகிறது. கையின் வேலை குறைந்தது. கோட்டின் நடுக்கம் ஒரு வழுக்கலாக, கனவில் நடப்பதுபோன்ற ஓர் அலையாக மாறியது. குறை என்று நினைத்தது ஒரு நடையாகிவிட்டது.

இந்த மென்பொருளை வைத்து அவர் முதலில் செய்தவை எளிய நேர்காணல்கள்தாம். 1999-ல் வந்த ஒரு குறும்படம், ஆட்டிசம் கொண்ட சிறுவன் ஒருவன் கடைக்கு நடந்துபோய்த் தின்பண்டமும் பானமும் வாங்குவதைக் காட்டுகிறது. வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லை. அந்தச் சிறுவனை நேரடிக் காணொளியில் பார்த்திருந்தால் நாம் அவனை ஒரு நோயாளியாக உற்றுப் பார்த்திருப்போம். வரைந்து காட்டும்போது அவனோடு நடக்கிறோம்.

2001-ல் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 'வேக்கிங் லைஃப்' எடுத்தார். சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராவில் சில வாரங்களில் படப்பிடிப்பு. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் கடையில் கிடைக்கும் மேக் கணினிகளில் வரைந்தார்கள். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஓர் ஓவியர். ஒவ்வொருவருக்கும் தன் கையெழுத்து. ஒரே படத்தில் முகத்துக்கு முகம் ஓவியப் பாணி மாறியது. இதே கூட்டணி 2006-ல் 'எ ஸ்கேனர் டார்க்லி' எடுத்தபோது நட்சத்திரங்கள் இருந்தார்கள், ஸ்டூடியோ இருந்தது, கெடு இருந்தது. ஒரு நிமிடப் படத்துக்குச் சுமார் 500 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது என்று அப்போது சொல்லப்பட்டது. காலமும் செலவும் இழுபட, மென்பொருளை உருவாக்கிய சாபிஸ்டனே பாதியில் வெளியேற நேர்ந்தது. ஓவியர்களின் தனித்தனிக் கையெழுத்துக்கு அந்தப் படத்தில் இடமில்லை. எல்லோரும் ஒரே மாதிரி வரைய வேண்டியிருந்தது. ஒரே நகரம், ஒரே மென்பொருள், ஒரே இயக்குநர். மாறியது வேலையின் முதலாளி மட்டுமே.

*

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 1989-ல் வந்த 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிய பாடலை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயிருள்ள நடிகரையும் வரைந்த உருவத்தையும் ஒரே சட்டகத்தில் நிறுத்த, அவருடைய ஒவ்வோர் அசைவின் எல்லையையும் யாரோ அளந்திருக்க வேண்டும். ரோட்டோஸ்கோப்பின் கணினிகாலத் தம்பியான இயக்கப்பதிவு, அதாவது மோஷன் கேப்சர், சென்னைக்கு வியப்பூட்டும் வேகத்தில் வந்தது. 2000-ல் வெளிவந்த 'சிந்துபாத்' படம், முழுக்க இயக்கப்பதிவையே நம்பி எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கணினி அனிமேஷன் படங்களில் ஒன்று. அதன் பின்னால் இருந்தது சென்னையின் பென்டாஃபோர் நிறுவனம். அதே குழுமத்திலிருந்து அதே ஆண்டில் 'பாண்டவாஸ்' வந்தது. பிறகு 2014-ல் 'கோச்சடையான்'. அதில் 2009-ல் மறைந்துவிட்ட நாகேஷ் மீண்டும் நடமாடினார். முகம் அவருடையது, உடலசைவு வேறொரு நடிகருடையது. திரையரங்கில் கைதட்டல் முழுவதும் முகத்துக்குத்தான் போனது.

ஆனால் 'ரோட்டோ' என்ற சொல்லைச் சென்னையில் இன்று சொன்னால் இவை எதுவும் எவர் நினைவிலும் வராது. அந்தச் சொல்லுக்கு அங்கே வேறு பொருள். ஹாலிவுட் படத்தின் ஒரு காட்சியில் நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, சட்டகம் சட்டகமாக அவருடைய வெளிக்கோட்டை வெட்ட வேண்டும். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' ஒளிவாள்களுக்குக் கையால் செய்த அதே வகை வேலை. இப்போது இது பெருமளவில் இந்தியாவுக்கு வருகிறது. ஓவியம் படித்துவிட்டு, படம் எடுக்கும் கனவோடு வந்த பிள்ளைகள் பலர் வரிசை வரிசையான கணினிகளின் முன் அமர்ந்து அந்நியர்களின் முடியோரத்தையும் விரலிடுக்கையும் வெட்டுகிறார்கள். அப்படி வேலைபார்த்த நண்பர் ஒருவர், ஒரு நடிகையின் பறக்கும் கூந்தலோடு மூன்று வாரம் இருந்ததாகச் சொன்னார். படம் வந்தபோது பெயர்ப்பட்டியல் முடியும்வரை திரையரங்கில் உட்கார்ந்திருந்தாராம். நிறுவனத்தின் பெயர் வந்தது. அவர் பெயர் வரவில்லை.

இங்கே நிலைமை தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள். டிஸ்னியின் காலத்தில் கண்ணாடிக்கு அடியில் இருந்தவருக்குப் பெயரில்லை. இப்போது கண்ணாடிக்கு மேலே, கோடு எடுப்பவருக்குப் பெயரில்லை. பெயர் மட்டுமல்ல, வேலைக்கும் உறுதியில்லை. புதுச்சேரியில் படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் வாங்கியபோது, அந்த வேலையைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் ஏற்கனவே திவால் மனு கொடுத்திருந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் இருந்த அதன் பெரிய கூடமும் நின்றுபோனது. இதற்கிடையில் எந்திரமே கோடு வெட்டக் கற்றுக்கொண்டது. 2010-ல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் ரோட்டோ பிரஷ் வந்தது. 2023-ல் மெட்டா நிறுவனம், படத்தில் எதைத் தொட்டாலும் அதைப் பிரித்துத் தரும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியை இலவசமாகவே வெளியிட்டது. வெட்டும் வேலையை எந்திரம் எடுத்துக்கொள்ளட்டும், அதற்காக நான் அழமாட்டேன். ஆனால் அந்த மேசைகளில் இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்வாரில்லை.

*

இதே காலத்தில்தான் இன்னொரு பாதையும் திறந்தது. நீனா பேலி என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 2002-ல் கணவரின் வேலை நிமித்தம் திருவனந்தபுரத்துக்கு வந்தார். அங்கே இராமாயணத்தை முதன்முறையாகப் படித்தார். நியூயார்க்குக்குச் சென்றிருந்தபோது, திரும்பி வரவேண்டாம் என்று கணவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் வீட்டுக் கணினியில், பெரும்பாலும் தனியாளாக, சில ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய முழுநீளப் படம் 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்' 2008-ல் வெளிவந்தது. படத்தின் நடுவே அக்னிப்பரீட்சைக் காட்சியில் மட்டும் கேலிச்சித்திர பாணி விலகி, தீயின் நடுவே ஒரு பெண்ணுடல் ஆடுகிறது. ரீனா ஷா என்ற நடனக் கலைஞர் ஆடியதன்மேல் வரைந்தது அது. அந்தப் பாடலுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இராமன் வேண்டுமானால் சந்தேகிக்கட்டும், அந்த அசைவு யாருடையது என்பதில் படத்துக்குச் சந்தேகமில்லை.

படத்தில் பயன்பட்ட 1920-களின் அமெரிக்கப் பாடல்களுக்கான உரிமைத்தொகை பெரும் சிக்கலானது. கடன்பட்டாவது அதைத் தீர்த்துவிட்டு, 2009-ல் படத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் இலவசமாக விட்டார் பேலி. ரோட்டோஷாப் கடைசிவரை விற்பனைக்கு வரவே இல்லை. ஆனால் இன்று பிளெண்டர், க்ரீட்டா, ஓபன்டூன்ஸ் ஆகியவை ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கின்றன. பிளெண்டரில் உருவான 'ஃப்ளோ' என்ற லாத்வியப் படம் 2025-ல் ஆஸ்கர் வென்றது. அது ரோட்டோஸ்கோப் படமன்று; இங்கே அதைச் சொல்வது கருவியின் விலை இனி ஒரு தடையன்று என்பதற்காக. மிச்சமிருக்கும் தடை நேரம். நொடிக்குப் பன்னிரண்டு சித்திரம் வீதம் நான்கு நிமிடக் குறும்படத்துக்கு 2,880 சித்திரங்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 480 மணி நேரம். வேலை முடிந்து வந்து தினமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கு மாதம். கடினம்தான். ஆனால் ஒரு மனிதருக்குச் சாத்தியமான கணக்கு.

முகம் காட்ட முடியாதவர்களுக்கும் அனிமேஷன் ஒரு வாசலாகியிருக்கிறது. 2021-ல் வந்த டென்மார்க் ஆவணப்படம் 'ஃப்ளீ', ஆப்கானிய அகதி ஒருவரின் வாக்குமூலத்தை, அவர் அடையாளத்தைக் காக்கும்பொருட்டு, வரைந்தே சொன்னது. கேமராவின் சாட்சியத்தைவிடச் சித்திரத்தின் சாட்சியம் குறைவானது என்று அதைப் பார்த்தவர் எவரும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

*

நூற்றிருபது சித்திரங்களும் முடிந்தபின் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். பெரியப்பா கைப்பேசியை வாங்கி, வெயிலுக்குக் கைமறைத்து, பத்து நொடியையும் பார்த்தார். மறுபடியும் போடச்சொல்லிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் கை இல்லையே."

வலது கையை நீட்டினார். சுண்டுவிரல் நடுக்கணுவிலிருந்து உள்நோக்கி வளைந்திருந்தது. எப்போதோ வலைக்கயிறு இழுத்ததில் முறிந்து அப்படியே கூடிய விரல். காணொளியில் அது தெளிவாகவே இருந்தது. கோடு அழகாக வரவேண்டும் என்று நான்தான், என்னை அறியாமலே, நூற்றிருபது முறை அதை நிமிர்த்தியிருந்தேன்.

அந்தக் கணத்தில் இந்த வரலாறு முழுவதும் எனக்கு ஒரு விரலளவில் விளங்கிற்று. கண்ணாடிக்கு மேலே அமர்பவனுக்குக் கிடைக்கும் அதிகாரம் அது. முகத்தை மறைத்துக் காக்கவும் அவனால் முடியும், விரலைத் திருத்தி ஓர் ஆயுளை அழிக்கவும் முடியும். இரண்டுக்கும் ஒரே பேனாதான்.

விரலை மட்டும் திரும்ப வரைந்தேன். எட்டு இரவுகள். இம்முறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். படத்தின் முடிவில் அவர் பெயரைப் போடலாமா, அல்லது முகத்தைப் போலவே அதுவும் வேண்டாமா என்று தயங்கிக் கேட்டேன்.

"பேரைப் போடு. மூஞ்சிதான் வேண்டாம்னேன்."

போட்டிருக்கிறேன். படத்தில் என் பெயருக்கு முன்னால் அவர் பெயர் வருகிறது. இந்தக் கட்டுரையில் அதைக் குறிப்பிட அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஆகவே இங்கே எழுதவில்லை.